பைபர் தோணியில் பாரைக்குப் போகிறவருக்கு: கடைச் சாமான்களில் எது உதவும், எது கவிழ்க்கும்

மட்டக்களப்பு, வாழைச்சேனை, கல்முனைப் பக்கத்து மீன்பிடிச் சாமான் கடைகளில் "பாரைக்கு" என்று எடுத்துக் காட்டப்படும் றொட்டும் றீலும் பெரும்பாலும் அகலமான என்ஜின் போட்டில் நின்றுகொண்டு பிடிப்பவருக்காகச் செய்யப்பட்டவை. 16 அடி நீளமும் நடுவில் இரண்டரை அடி அகலமும் உள்ள பைபர் தோணியில் குந்தியிருந்து பிடிப்பவர் அதையே வாங்கினால் சாமான் தாங்கும், தோணி தாங்காது. அந்தத் தோணிக்காரரின் கண்ணால்தான் இங்கே ஒவ்வொரு சாமானையும் பார்க்கிறோம்.

மீன் என்றால் பாரை, சீலா, அறுக்குளா, கட்டா, வாவிக்குள் கொடுவா. இடம் என்றால் பாசிக்குடா, கல்குடாப் பார்கள் (கடலடிக் கல்திட்டுகள்), பாலமீன்மடு முகத்துவாரத்துக்கு வெளியே, தெற்கே திருக்கோவில், பொத்துவில். எல்லாம் கரையில் நிற்கும் தென்னைகள் தனித்தனியாகத் தெரியும் தூரத்துக்குள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹேர்மிஸ்' மட்டக்களப்புக்கு வெளியே 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அதன்மேல் பெரிய மீன் நிற்கும் என்று ஆசை காட்டுவார்கள். நிற்கும்தான். ஆனால் அது தோணிக்குரிய இடமில்லை. அதற்கான சாமான் பற்றி இங்கே ஒரு வரியும் இல்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. றீலை 6 கிலோ இறுக்கத்தில் வைத்திருக்கிறீர்கள், மீன் நேர் பக்கவாட்டில் இழுக்கிறது, உங்கள் கை தண்ணீருக்கு முக்கால் மீற்றர் மேலே இருக்கிறது. தோணியைச் சரிக்கும் திருப்புவிசை 6 × 0.75, அதாவது நாலரை. இப்போது 70 கிலோ ஆள் ஒருவர் மீனைப் பார்க்க 20 சென்ரிமீற்றர் அந்தப் பக்கம் நகர்கிறார்: 70 × 0.2, பதினான்கு. மீன் இழுப்பதைப்போல மூன்று மடங்கு! பின்னால் இருப்பவரும் "எங்க, எங்க" என்று அதே பக்கம் எட்டினால் கணக்கே தேவையில்லை. ஆகவே எழும்ப வைக்கிற சாமான், எட்ட வைக்கிற சாமான், மீனோடு ஆளையோ தோணியையோ அவிழ்க்க முடியாமல் பிணைக்கிற சாமான் எதுவானாலும் எங்களிடம் புள்ளி வாங்காது. எவ்வளவு விலையான பெயர் அதில் ஒட்டியிருந்தாலும் சரி.

மிதப்பு

மரத்தோணி தண்ணீர் ஏறினாலும் மிதந்து கிடக்கும். பைபர் அப்படியல்ல, அது தண்ணீரை விடக் கனம். 100 கிலோ பைபர் உடல் முழுதாக நீருக்குள் போனால் ஏறக்குறைய 35 கிலோ எடையாகக் கீழே இழுக்கும். சின்ன என்ஜின், நங்கூரம், சங்கிலி இன்னொரு 20 கிலோ. இதைத் தாங்கியும் கொஞ்சம் விளிம்பு வெளியே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் இறைக்க இறைக்க அடுத்த அலை நிரப்பிவிடும்.

இதற்குக் கடையில் விற்கும் எதுவும் 20 லீற்றர் வெற்றுக் கலனை மிஞ்சவில்லை. ஒரு கலன் கிட்டத்தட்ட 20 கிலோவைத் தூக்கும். அணியத்தில் இரண்டு, பின்பக்கம் இரண்டு. அதோடு ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் 110 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய் 3 மீற்றரில் இரண்டு துண்டு வெட்டி, இரு முனையும் மூடி ஒட்டி, இடமும் வலமும் விளிம்புக்குச் சற்றுக் கீழே கட்டிவிடலாம். ஒரு குழாயின் கொள்ளளவு 28 லீற்றர். அதன் சொந்த எடை போக 23, 24 கிலோ தூக்கும். கட்டும் இடம் முக்கியம். மிதப்பைத் தரையோடு வைத்தால், கவிழ்ந்த தோணி தலைகீழாகக் கிடக்கவே விரும்பும்; நிமிர்த்துவது பெரும்பாடு. மேலே, பக்கவாட்டில் இருந்தால் நிரம்பிய தோணியும் நேராக நிற்கும்.

கலன் மூடிக்கு றப்பர் வளையம் கட்டாயம். வெயிலில் சூடாகி விரியும் காற்று குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுருங்கி, மூடி ஓரத்தால் நீரை உறிஞ்சும். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் குலுக்கிப் பாருங்கள். ரெஜிபோம் (வெள்ளை நுரைக்கட்டி) துண்டுகளை அடைத்து மேலே ரெசின் பூசித் தருகிறோம் என்று சொல்பவரிடம் கவனம். பொலியெஸ்டர் ரெசின் ரெஜிபோமைக் கரைத்துவிடும். வெளியே வழவழவென்று இருக்கும், உள்ளே பொந்து. பெற்றோல் சிந்தினாலும் அதே கதி. நுரைதான் வேண்டுமென்றால் பொலியூரித்தேன் நுரை.

பக்கக்கட்டை (ஒரு பக்கத்தில் கொம்புகளால் பிணைத்து மிதக்கவிடும் கட்டை) உள்ள தோணி உறுதிதான், ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும். மீன் கட்டை இல்லாத பக்கம் இழுத்து ஆளும் அந்தப் பக்கம் சாய்ந்தால் கட்டை தண்ணீரை விட்டுக் கிளம்பும், அதன்பின் பிடிக்க ஒன்றுமில்லை. கட்டைப் பக்கம் மீன் ஓடினால் நூல் கொம்புகளின் கட்டில் சிக்கி அறும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: றொட் நுனியை அணியத்துக்கு மேலே நீட்டி மீனை முன்னால் வைத்திருப்பது. நீளவாக்கில் இழுபடும் தோணி கவிழாது. மீன் பின்னால் போனால், இருக்கையில் திரும்பாமல், பின்னால் இருப்பவர் இரண்டு துடுப்பு போட்டுத் தோணியைத் திருப்ப வேண்டும்.

லைஃப் ஜக்கெட்

சுற்றுலாப் படகுகளில் தொங்கும் செம்மஞ்சள் நிற மெல்லிய ஜக்கெட் வேண்டாம். நல்ல ஜக்கெட்டின் உள்ளே 50 என் என்றோ 100 என் என்றோ அச்சிட்டிருக்கும் ('என்' என்பது நியூற்றன், மிதப்பு விசையின் அளவு). ஐ.எஸ்.ஓ. 12402 தரத்தில் 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி கிட்ட இருக்கும்போது. 100 என்பது ஏறக்குறைய 10 கிலோ தூக்கும், கழுத்துப் பகுதியும் இருக்கும். கரையை விட்டு வெளியே போக 100 தான். ஊதிப் பெருக்கும் வகை 150 என் தரும், இலேசு, வெக்கையும் குறைவு. ஆனால் தானாக ஊதும் மொடல் முகத்துவாரத்து அலை ஒன்று தெறித்தாலே மடியில் விரிந்து நிற்கும், கையால் இழுக்கும் மொடலைப் பொப்பர் (நீர்மட்டத்தில் இழுக்கும் போலி இரை) கொளுக்கி ஒன்று கிழித்தால் அன்றைக்கு நீங்கள் வெறும் ஆள். மீன்பிடித் தோணிக்கு நுரை ஜக்கெட்டே மேல். வாங்கும் இடத்தில் போட்டுக் கட்டி, தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது, அல்லது கால் இடுக்கால் வரும் வார் இல்லை.

விசில் ஒன்று ஜக்கெட்டிலேயே. கத்தி ஒன்றும் ஜக்கெட்டிலேயே, நெஞ்சுப் பக்கம், இரண்டு கையாலும் எட்டும் இடத்தில். முனை மழுங்கிய, பல் வைத்த கத்தி. இறுகி நிற்கும் பிரெயிட் (பல இழை பின்னிய) நூல் தொட்டாலே அறும். தளர்ந்து காலைச் சுற்றிய நூலைச் சாதாரணக் கத்தி வழுக்கிக்கொண்டே இருக்கும், பல் உள்ளதுதான் அறுக்கும். சாமான் பெட்டிக்குள் கிடக்கும் கத்தி மீன் வெட்டத்தான்.

றொட், றீல், நூல்

இங்கேதான் காசு வீணாகிறது. "தம்பி, இதில இருபது கிலோ ட்ராக் இரிக்கு" என்று கடைக்காரர் பெரிய றீலைக் கையில் தருவார். ட்ராக் என்பது நூல் நழுவத் தொடங்கும் இறுக்கம். இருக்கும். அந்த இருபதை நீங்கள் எந்த நாளும் பாவிக்கப் போவதில்லை. குந்தியிருப்பவர் பக்கவாட்டில் 7 கிலோவுக்கு மேல் கொஞ்ச நேரம் தாங்குவதே கஷ்டம்.

தோணிக்குப் போதுமானது 8000 எண் ஸ்பின்னிங் றீல், 50 இறாத்தல் பிரெயிட் 250 முதல் 300 மீற்றர், ஆறரை முதல் 7 அடி றொட். எட்டடிப் பொப்பிங் றொட்டின் நீண்ட அடிக்கட்டை ஜக்கெட் வாரில் சிக்கும், அதன் நீளம் முழுதும் உங்கள் முதுகுக்கு எதிராக வேலை செய்யும். 50 இறாத்தல் என்றால் 22 கிலோ சொச்சம். அதன் நாலிலொன்று, ஐந்தரை கிலோ, ட்ராக் இறுக்கம். கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடாதீர்கள். மீன் கடையில் பாவிக்கும் கொளுக்கித் தராசை நூல் நுனியில் மாட்டி, றொட்டை வளையவிட்டு இழுத்து, நூல் நழுவத் தொடங்கும் இடத்தில் முள்ளைப் பாருங்கள். றொட் வளைந்தால் வளையங்களின் உராய்வும் சேர்ந்து அளவு கூடும், ஆகவே றீலிலிருந்து நேராக இழுத்த அளவு போதாது.

இன்னொன்று பலர் மறப்பது. நூல் போகப் போக ஸ்பூலில் மிஞ்சியிருக்கும் சுற்றின் விட்டம் குறையும், இறுக்கம் தானாகக் கூடும். நிறைந்த ஸ்பூலில் 5 கிலோ வைத்திருந்தால், விட்டம் பாதியான நேரத்தில் அதே திருகில் 10 கிலோ. பாரை பாருக்குள் ஓடும்போது பதறி இன்னும் இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அங்கேதான் முடிச்சு அவிழும், அல்லது ஆள் இருக்கையை விட்டு இழுபடுவார். இறுக்காதீர்கள். தோணி இலேசு, மீன் அதை இழுத்துக்கொண்டு போகட்டும். 16 அடித் தோணியே பெரிய ட்ராக். போட்டில் நிற்பவருக்குக் கிடைக்காத வசதி இது.

இடுப்பில் கட்டி றீலோடு கொழுவும் பெல்ட், ஹார்னஸ் வகை: வாங்கவே வேண்டாம். றொட்டைத் தோணியோடு பிணைக்கும் சுருள் கயிறு: சும்மா ஓடும் நேரத்துக்கு மட்டும், மீன் பட்டதும் கழட்டி விடுங்கள். இழுவைத் தூண்டிலுக்கு றொட் தாங்கி வைப்பதானால் பின்பக்க விளிம்பில் பொருத்தும் வழக்கம் பிழை. திரும்பி எட்ட வேண்டும். மீன் அடித்ததும் தோணி பின்னோக்கி இழுபட்டு, தாழ்ந்த பின்விளிம்பால் தண்ணீர் ஏறும். முழங்காலுக்கு ஓரடி முன்னால், நுனி முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும்படி பொருத்துங்கள்.

கைத்தூண்டில் பாவிப்பவருக்கு 80 முதல் 100 இறாத்தல் தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்). பிரெயிட் நூலைக் கைத்தூண்டிலுக்கு விற்பவரும் உண்டு, அது விரலை எலும்புவரை அறுக்கும். தங்கூசியையும் கையில் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாதீர்கள். சைக்கிள் டியூபில் இரண்டு அங்குலம் வெட்டி விரலில் மாட்டினால் பிடி வரும். இழுத்த நூலைக் காலடியில் போடாமல் ஒரு பிளாஸ்டிக் பேசினில் வட்டமாக விழவிட்டு, ஈரச் சாக்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்திருங்கள். மீன் மறுபடி ஓடும்போது நூல் பேசினிலிருந்து ஒழுங்காகப் போகும். காற்று கிளப்பினால் சாக்கை மேலே போடலாம். கணுக்காலைச் சுற்றிய ஒரு வளையம்தான் கைத்தூண்டிலில் பயப்பட வேண்டியது.

முன்நூல், கொளுக்கி

பாரைக்கு 80 முதல் 100 இறாத்தல் தடித்த தங்கூசி ஒன்றரை மீற்றர். பார்க்கல்லில் உரசினால் தாங்க அது வேண்டும். சீலா, அறுக்குளாவுக்கு அதன் நுனியில் 30, 40 சென்ரிமீற்றர் ஏழிழைக் கம்பி, இல்லாவிட்டால் முதல் கடியிலேயே போய்விடும். பிரெயிட்டையும் தங்கூசியையும் இணைக்கும் எஃப்.ஜி. முடிச்சில் இருபது சுற்றாவது போட்டு, நனைத்து, கையுறையோடு வலுவாக இழுத்து இறுக்குங்கள். சுற்றுகள் தங்கூசியில் புதைந்து பிரெயிட்டின் நிறம் ஒரு படி கறுத்தால்தான் அது பிடித்திருக்கிறது. நிறம் மாறாத முடிச்சு மீனோடு நழுவும்.

பொப்பர், மீன்வடிவத் தூண்டில்களில் வரும் மூன்றுமுனைக் கொளுக்கிகளைக் கழட்டி எறிந்துவிட்டு ஒற்றைக் கொளுக்கி போடுங்கள். தோணிக்குள் துள்ளும் மீனின் வாயில் ஒரு கொளுக்கி, உங்கள் உள்ளங்கையில் மற்றது என்றால் இரண்டு பேரும் ஒரே தூண்டிலில். முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் ஏறிய கொளுக்கி வந்த வழியே வரும். தடித்த கொளுக்கியையும் வெட்டும் பக்கவெட்டிக் குறடு ஒன்று கட்டாயம், அதை வாங்கும்போது கடையிலேயே ஒரு கொளுக்கியை வெட்டிப் பாருங்கள்.

பெரிய பொப்பரைக் குந்தியிருந்து வீசுவது பயனில்லாத வேலை, பின்னால் இருப்பவரின் தலைக்கும் நல்லதல்ல. உயிர் இரையை மெல்ல இழுப்பதுதான் தோணிக்குப் பொருந்தும்.

நங்கூரம்

மடக்கும் நாலுகால் நங்கூரம் 3 கிலோ, சங்கிலி 2 மீற்றர், கயிறு ஆழத்தைப்போல ஐந்து மடங்கு. கட்டுவது அணியத்தில் மட்டும். பக்கத்தில் கட்டிய நங்கூரம் அலையில் தோணியை ஒருக்களித்துப் பிடித்துத் தண்ணீர் ஏற்றும்.

நங்கூரத்தில் நிற்கும்போது பெரிய மீன் பட்டால் தோணி மீனின் பக்கம் திரும்பாது, முழு இழுவையும் பக்கவாட்டில் வரும். அதனால் நங்கூரக் கயிற்றை ஒருமுறை இழுத்தால் அவிழும் முடிச்சில் கட்டி, கயிற்றின் மறுமுனையில் கால்பந்து அளவு மிதப்பு ஒன்றைப் போடுங்கள். மீன் பட்டதும் முடிச்சை உருவி விடுவது, மிதப்பு அங்கேயே கிடக்கும், மீனை ஏற்றியபின் வந்து எடுப்பது. மலிவான வேலை, பத்து நிமிடம் செல்லும், முழுச் சாமானிலும் அதிக புள்ளி இதற்குத்தான்.

பார்க்கல்லில் நங்கூரம் சிக்குவது நிச்சயம். சங்கிலியை நங்கூரத்தின் அடித்தலையில் கட்டி, மேல் வளையத்தோடு மெல்லிய சணல் நூலால் ஒரு கட்டு போட்டால், சிக்கியதை வலுவாக இழுக்கும்போது சணல் அறுந்து நங்கூரம் தலைகீழாகக் கிளம்பி வரும். எழும்பி நின்று இழுக்கத் தேவையில்லை.

கச்சான் நாட்களும் கடல் நங்கூரமும்

வாடைக் காலத்தில் தோணி வெளியே போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏமாற்றுவது கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. கரையிலிருந்து பார்த்தால் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும், ஏனென்றால் காற்று கரையிலிருந்து வெளியே அடிக்கிறது. அலை எழும்ப அதற்கு இடம் கிடைப்பது ஒரு மைலுக்கு அப்பால்தான். அங்கே மீனோடு அரை மணி இழுபட்டால் திரும்பும் துடுப்பு முழுக்கக் காற்றுக்கு எதிராக. கச்சான் நாளில் போகாமல் விடுவது முதல் தெரிவு. போனால் கடல் நங்கூரம் வேண்டும். கடையில் விற்கும் துணிக்கூம்பு நல்லதுதான். வாய் 45 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் தோணியை நிறுத்தாது. உரச்சாக்கின் வாயில் கம்பி வளையம் தைத்து, அடியில் கையளவு ஓட்டை விட்டு, நாலு கயிறு சேர்த்தாலும் அதே வேலை செய்யும். அணியத்திலிருந்து 15 மீற்றர் கயிற்றில் விட்டால் தோணி காற்றைப் பார்த்து நிற்கும், வெளியே போவதும் குறையும்.

என்ஜின் உள்ளவர், ஆள் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றைக் கையிலோ ஜக்கெட்டிலோ மாட்டாமல் என்ஜினிலேயே சுற்றி வைத்திருப்பதைப் பற்றி இன்னும் என்ன சொல்ல.

மீனை ஏற்றுவது

நீளமான கொக்கித் தடியை எல்லோரும் வாங்குகிறார்கள். தோணிக்கு ஒரு மீற்றருக்கு மேல் வேண்டாம்; நீளமானது எழும்ப வைக்கும். மீன் களைத்துப் பக்கவாட்டில் படுத்த பிறகே கிட்ட எடுங்கள். ஒருவர் மீன் பக்கம் என்றால் மற்றவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து இருக்க வேண்டும், இதைக் கரையிலேயே பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள். 15 கிலோவுக்கு மேற்பட்ட பாரையை விளிம்பால் தூக்குவதை விட, வாலடியில் சுருக்குக் கயிறு போட்டு, தலையில் கண்களுக்கு மேலே கட்டையால் ஒரே அடி அடித்து, அசைவு நின்றபின் நழுவ விட்டு ஏற்றுவது பாதுகாப்பு. அந்த வால் கயிறும் இழுத்தால் அவிழும் முடிச்சிலேயே இருக்கட்டும். சுறா வந்தால் மீனைக் கொடுத்துவிடலாம்.

சீலாவை உயிரோடு காலடியில் போடவே கூடாது. அறுக்குளா, சூரை வெயிலில் கிடந்தால் தசையில் ஹிஸ்டமின் சேரும், அது எவ்வளவு சமைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிப்பு. மீன் எடைக்குச் சம எடை ஐஸ், அதற்கேற்ற பெட்டி. பெட்டியை நடுவில், தரையோடு கட்டி வையுங்கள், மேல் அடுக்கில் அல்ல.

வாவிக்குள் கொடுவாவுக்குப் போகிறவருக்கு அலை இல்லை, முதலை உண்டு. மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிடுவது, காலைத் தொங்கப்போட்டுக் கழுவுவது, தோணி கட்டும் துறையிலேயே செதிலும் குடலும் எறிவது மூன்றும் முதலைக்கு நேரம் குறித்துக் கொடுப்பதுதான்.

தொடர்பு

போனை நீர்புகாப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். பையைக் காற்றோடு மூடினால் மிதக்கும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 119 பொலிஸ் இரண்டையும் கையுறையோடு அழுத்த வருகிறதா என்று பாருங்கள். கையில் பிடிக்கும் வி.எச்.எஃப். றேடியோ வாங்குவதானால், தோணியில் அன்டெனா தண்ணீருக்கு ஒரு மீற்றர் மேலேதான் இருக்கும். இன்னொரு தோணியோடு 8 கிலோமீற்றருக்கு அப்பால் எதிர்பார்க்க வேண்டாம். அவசரத்துக்கு 16ஆம் சனல். அந்த றேடியோவுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், விற்பவர் அதைச் சொல்ல மறப்பார். வெள்ளை டோர்ச் இரண்டு, இருட்டில் என்ஜின் போட் நேராக வந்தால் காட்ட.

வாங்கிக் கட்டி முடித்த பிறகு, கடலுக்கு முன், பாசிக்குடாவின் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பரீட்சை. வாவியில் வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். எல்லாச் சாமானும் இருக்க வேண்டிய இடத்தில் கட்டியபடி, ஜக்கெட் போட்ட இரண்டு பேர் வேண்டுமென்றே தோணியைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். எது கழன்று மிதந்து போகிறது, எந்தக் கயிறு காலில் சுற்றுகிறது, கத்தியைக் கண்ணை மூடி எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு ஒருவர் எதிர்ப்பக்கம் பிடித்திருக்க மற்றவர் ஏறி, முதலில் 10 லீற்றர் வாளியாலும் பிறகு கயிற்றில் கட்டிய, அடி வெட்டிய எண்ணெய்க் கலனாலும் இறைக்கட்டும். ஏறியவர் குந்தியதும் விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், றீல் வாங்குவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட்டுவிட்டு இன்னும் இரண்டு கலன் கட்டுங்கள்.